கம்பளத்துக்குச் சரி, மனிதருக்கு வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

கடந்த ஞாயிறு இணைப்பில், கலிபோர்னியாவில் பிறந்து வளர்ந்த சமையல் கலைஞர் ஒருவரை 'ஓரியண்டல் பெண்மணி' என்று எழுதியிருந்தீர்கள். கெட்ட எண்ணத்தில் எழுதியிருக்க மாட்டீர்கள். ஆனாலும் உறுத்தியது.

'ஓரியண்டல்' என்பதன் லத்தீன் வேர்ச்சொல்லுக்குச் சூரியன் உதிக்கும் திசை, அதாவது கிழக்கு என்றுதான் பொருள். சரி, யாருக்குக் கிழக்கு? ஐரோப்பாவில் நின்று பார்ப்பவருக்கு. துருக்கியிலிருந்து ஜப்பான் வரை எல்லாரும் ஒரே மூட்டை. அமெரிக்காவில் 1882-ல் சீனத் தொழிலாளர்கள் நுழையவே சட்டம் போட்டுத் தடுத்தார்கள். அந்தக் காலத்து வெறுப்பின் வாடை இந்தச் சொல்லை விட்டு இன்னும் போகவில்லை. 2016-ல் ஒபாமா கையெழுத்திட்ட சட்டம் அந்நாட்டுச் சட்ட வாசகங்களிலிருந்து இதை எடுத்துவிட்டு 'ஆசிய அமெரிக்கர்' என்று போட்டது. சிகாகோ பல்கலைக்கழகத்தின் ஓரியண்டல் இன்ஸ்டிட்யூட் கூட 2023-ல் பெயரை மாற்றிக்கொண்டது.

கம்பளத்தை அப்படிச் சொன்னால் யாரும் கோபிப்பதில்லை. சென்னையில் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகம் (ஆங்கிலப் பெயரில் 'ஓரியண்டல்') இருக்கிறதே என்பீர்கள். அது ஓலைக்கு வைத்த பெயர், ஆளுக்கு அல்ல. பிரிட்டனில் 'ஏசியன்' என்றால் பெரும்பாலும் நம் பக்கத்து ஆட்கள்தான். அதனால் அங்கே பெரியவர்கள் சிலர் சீனர்களை இன்னும் பழைய சொல்லால் குறிப்பதுண்டு. அது வேறு கதை.

அந்தக் கலைஞரின் பெற்றோர் கொரியாவிலிருந்து வந்தவர்கள் என்று அதே கட்டுரையின் நான்காம் பத்தியில் இருக்கிறது. தலைப்பிலும் 'கொரிய அமெரிக்கர்' என்றே போட்டிருக்கலாமே.

– ஒரு வாசகர், மதுரை