‘எந்தத் தம்பி?’: ஒரு பதிப்பகத்தின் ஆசிரியர் குழுவுக்குத் திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஆசிரியர் குழுவினருக்கு,

வணக்கம். போன வாரம் நீங்கள் வெளியிட்ட அறிவிப்பைப் பார்த்தேன். உங்கள் இளையோர் வரிசையில் வந்த, தண்ணீர்ப் பஞ்சம் பிடித்த எதிர்காலச் சென்னையைப் பற்றிய நாவலின் இரண்டாம் பாகம் ஜனவரி புத்தகக் காட்சிக்கு வருகிறதாம். ‘இன்னும் பெரிய உலகம், இன்னும் விரிவான வரைபடம்’ என்று போட்டிருந்தீர்கள். அதைப் படித்த பிறகுதான் இந்த மடலை நாலு பேர் பார்க்கும்படி எழுதுவது என்று முடிவு செய்தேன். தனிப்பட்ட முறையில் எழுதிய இரண்டு கடிதங்கள் ஏற்கெனவே உங்களிடம் இருக்கின்றன. முதலாவதற்குப் பதில் இல்லை. இரண்டாவதற்கு, ‘தங்கள் மேலான கருத்துக்கு நன்றி’ என்று ஒரு வரி வந்தது. மேலான கருத்து என்ன ஆனது என்று தெரியவில்லை.

கேட்க வந்ததை முதலிலேயே கேட்டுவிடுகிறேன். இரண்டாம் பாகத்தை இந்த டிசம்பரில் அச்சுக்கு அனுப்பாதீர்கள். ஒரு நல்ல எடிட்டரிடம் கொடுங்கள். அவரையும் எழுத்தாளரையும் ஆறு மாதம் சேர்ந்து உட்கார விடுங்கள். உலகம் ஏற்கெனவே நன்றாக இருக்கிறது. அதில் குடியேற ஆள்தான் இல்லை.

உலகத்தைக் குறை சொன்னால் நாக்கு அழுகிவிடும். 2019 ஜூனில் சென்னைக்குத் தண்ணீர் தரும் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஏரிகள் நான்கும் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தன. ஜூலை 12 அன்று ஜோலார்பேட்டையிலிருந்து 50 வேகன்களில் 25 லட்சம் லிட்டர் தண்ணீரோடு வில்லிவாக்கத்துக்கு ரயில் வந்தது. இதையெல்லாம் கிட்டே நின்று பார்த்த ஒருவர்தான் இந்த நாவலை எழுதியிருக்க முடியும். அந்த ரயில் வந்த நாளை எழுபது வருடம் கழித்து ஊர்த் திருவிழா ஆக்கி, வாசலில் வெறும் குடத்துக்கு மாலை போட வைத்திருக்கிறாரே, அந்த இரண்டு பக்கத்துக்காகவே புத்தகத்தை அலமாரியில் வைத்துக்கொள்ளலாம். காசுக்குப் பதில் ‘மிடறு’. பதினாறு வயதில் ஒரு பரீட்சை, அதில் எடுக்கும் மதிப்பெண்ணை வைத்து ஆயுள் முழுக்க ஒரு நாளைக்கு இத்தனை மிடறு. அப்புறம் அந்தப் புழல் ஏரிப் படுகைக் குடியிருப்பு. மழை வந்தால் ஊருக்கே கொண்டாட்டம், ஆனால் ஏரிக்குள் வீடு கட்டியிருப்பவர்கள் மட்டும் மழை வரக்கூடாது என்று விளக்கேற்றுகிறார்கள். இதை யோசித்தவரை நேரில் பார்த்தால் கும்பிடுவேன்.

இவ்வளவையும் செய்துவிட்டு, பிறகு கதையை ஆரம்பிக்கிறார்.

வடசென்னையில் ஒரு கிளை நூலகத்தின் மாடியில் சனிக்கிழமைதோறும் பதினோரு பிள்ளைகளோடு வாசிப்பு வட்டம் நடத்துகிறேன் என்பது என் முதல் கடிதத்திலேயே இருக்கிறது. எட்டாம் வகுப்பு முதல் பிளஸ் டூ வரை படிப்பவர்கள். பெரும்பாலும் ஹவுசிங் போர்டு பிள்ளைகள். தண்ணீர் லாரி ஹாரன் கேட்டால் பாதி வாக்கியத்தில் புத்தகத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டு இறங்கி ஓடுகிறவர்கள். உங்கள் நாவலுக்கு இவர்களைவிடப் பொருத்தமான வாசகர்கள் எங்கே கிடைப்பார்கள்? விலை 420 ரூபாய். நந்தனம் புத்தகக் காட்சியில் பத்து சதவீதக் கழிவு போக மூன்று பிரதிகள் 1,134 ரூபாய். பிள்ளைகள் ஆளுக்கு நூறு போட்டார்கள், மீதி 34 ரூபாய் நான் போட்டேன். நூறு ரூபாய் அவர்கள் வீட்டில் எவ்வளவு பெரிய தொகை என்பதை நான் சொல்லி நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை.

212-ஆம் பக்கம் வந்த சனிக்கிழமையைப் பற்றிச் சொல்ல வேண்டும். பிளஸ் ஒன் படிக்கும் பெண் வாசித்தாள். நல்ல குரல் அவளுக்கு. நாயகியின் தம்பி நீர்க்காவலர்களின் தடியடியில் செத்துப்போகிறான். நாலு பக்கக் காட்சி, மழை வேறு பெய்கிறது. வாசித்து முடித்ததும் அறையில் சத்தமே இல்லை. சரி, பிள்ளைகள் கலங்கிப் போயிருக்கிறார்கள் என்று நினைத்தேன். எங்கள் வட்டத்தில் ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவன் இருக்கிறான், கதையில் ஆட்டுக்குட்டி தொலைந்தால்கூட மூக்கை உறிஞ்சுகிறவன். அவன்தான் கையைத் தூக்கினான்.

“அக்கா, எந்தத் தம்பி?”

கிண்டலாகக் கேட்கவில்லை. உண்மையிலேயே தெரியாமல் கேட்டான். மற்ற பத்து பேரும் என் முகத்தைப் பார்த்தார்கள். எனக்கும் சட்டென்று பதில் வரவில்லை. மூன்று பிரதிகளையும் பின்னோக்கிப் புரட்டினோம். 9-ஆம் பக்கத்தில் தம்பி காய்ச்சலோடு படுத்திருக்கிறான். 61-ஆம் பக்கத்தில் ‘தம்பி தூங்கிவிட்டிருந்தான்’ என்று ஒரு வரி. அதற்கப்புறம் நேராக 212, நேராகச் சாவு. நடுவில், கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலையின் சவ்வு எப்படி உப்பைப் பிரிக்கிறது என்பதற்கு ஆறு பக்கம் ஒதுக்கியிருக்கிறார். அந்தச் சவ்வு கிழிந்தபோது எங்கள் எல்லோருக்கும் அடிவயிறு பதறியது, பொய் சொல்லவில்லை. தம்பி செத்தபோது பக்கத்தைப் புரட்டித் தேட வேண்டியிருந்தது.

வாசித்த பெண் புத்தகத்தை மூடிவிட்டுச் சொன்னாள்: “இவ அஞ்சு மாடி குடம் தூக்குறா, ஒரு நாள்கூட முட்டி வலிக்கல. எங்கம்மா லாரி வந்தா யாரோட சண்டை போடுவாங்கன்னு எனக்குத் தெரியும். இவங்கம்மா யாரோடயும் சண்டையே போடல.” விமரிசகர்கள் ஆறு பத்தியில் எழுத வேண்டியதை அவள் அவ்வளவில் முடித்துவிட்டாள்.

அடுத்த வாரம் ஒரு சோதனை வைத்தோம். உரையாடல் வரும் பத்து இடங்களில் பேசுகிறவரின் பெயரை ஸ்டிக்கர் ஒட்டி மறைத்தேன். நாயகி, தோழன், பாட்டி, நீர்க்காவல் தலைவர், இந்த நால்வரில் பேசுவது யார் என்று கண்டுபிடிக்க வேண்டும். அதிகபட்ச மதிப்பெண் பத்துக்கு மூன்று. அதுவும் குத்துமதிப்பாகப் போட்டது என்று அதை எடுத்தவனே ஒத்துக்கொண்டான். பாட்டியும் பேத்தியும் வில்லனும் ஒரே மேடைப் பேச்சைப் பங்கு போட்டுப் பேசுகிறார்கள். எங்கள் பேட்டையில் ஒரு பாட்டி தண்ணீர் வரிசையில் நின்றுகொண்டு விடுதலையைப் பற்றி இப்படி நாலு வாக்கியம் பேசினால் வேப்பிலை அடிக்க ஆள் கூப்பிடுவார்கள். நாயகியின் ‘கண்களில் தீ’ 23 முறை வருகிறது, பிள்ளைகள் பென்சிலால் கோடு போட்டு எண்ணினார்கள். அவ்வளவு தீயை வைத்துக்கொண்டு அவள் ஒரே ஒரு முட்டாள்தனம்கூடச் செய்வதில்லை. பதினாறு வயதில்!

இதையெல்லாம் ஆகஸ்டில் ஒரு விழாவில் உங்கள் குழுவைச் சேர்ந்த ஒருவரிடம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார், அதற்கு நன்றி. பிறகு, “சின்னப் பசங்க புக்தானே மேடம், கதை வேகமாப் போனாப் போதும்” என்றார். அன்றைக்கு ஒன்றும் சொல்லாமல் வந்துவிட்டேன். இன்றைக்குச் சொல்கிறேன். சின்னப் பசங்கள் கொடுத்த நூறு ரூபாய் சின்ன ரூபாய் இல்லை.

உங்களை மட்டும் சொல்லி என்ன பயன்? தமிழில் எடிட்டிங் என்று பேச்சு எடுத்தாலே க்ரியா பதிப்பகத்தை நடத்திய ராமகிருஷ்ணன் பெயரைச் சொல்லி ஒரு பெருமூச்சு விடுகிறோம். அவர் 2020 நவம்பரில் போய்விட்டார். ஒவ்வொரு சொல்லுக்கும் எழுத்தாளரோடு உட்கார்ந்து மல்லுக்கட்டிய அந்தப் பழக்கத்தையும் அவரோடே அனுப்பிவிட்டோமோ என்னவோ. இப்போது சந்திப் பிழை திருத்துகிறவரே எடிட்டர். ‘இந்தப் பாட்டி ஏன் இப்படிப் பேசுகிறாள்’ என்று கேட்பது யார் வேலை என்றே தெரியவில்லை. அட்டை ஓவியத்தைப் பற்றி மூன்று அறிவிப்பு வருகிறது, வரைபடம் வரைந்தவருக்குத் தனி நன்றி இருக்கிறது, பின்னிணைப்பில் 14 பக்கத்துக்குக் கலைச்சொல் அகராதி இருக்கிறது. டிசம்பர் கடைசியில் ஈரம் காயாத பைண்டிங்கோடு புத்தகம் அரங்குக்கு வந்து இறங்குகிறது. நாவலுக்குள் தண்ணீர்ப் பஞ்சம், வெளியே ஆள் பஞ்சம். இந்தப் போக்கில் போனால் மூன்றாம் பாகத்தில் ஆட்களே இல்லாமல் வரைபடத்தை மட்டும் போட்டுவிடலாம், விலையும் குறையும்.

மன்னிக்கவும். மரியாதையாகக் கேட்கத்தான் உட்கார்ந்தேன்.

எதிர்கால உலகக் கதை என்றாலே ஆட்கள் இப்படித்தான் இருப்பார்கள் என்று சிலர் சொல்லக்கூடும். எங்கள் வட்டம் அதற்கு முன் வாசித்தது சுஜாதாவின் ‘என் இனிய இயந்திரா’. அதுவும் ஒரு சர்வாதிகார எதிர்காலம்தான். கதை நடப்பதாகச் சொன்ன காலமெல்லாம் வந்து போய்விட்டது, அவர் சொன்ன பல சாதனங்கள் வரவேயில்லை. ஆனால் ஜீனோ என்கிற அந்த இயந்திர நாய்க்குட்டி வாயைத் திறக்கிற பக்கம் வந்தால் யார் வாசிப்பது என்று எங்கள் மாடியில் அடிதடி. ஒரு பையன் ஜீனோவுக்கென்றே ஒரு குரல் வைத்திருந்தான். நாய்க்குட்டிக்கு, அதுவும் இயந்திரத்துக்கு, வாய்த்த துடுக்கு உங்கள் நாயகிக்கு வாய்க்கவில்லை என்றால் அது வகையின் குற்றமா? எழுத்தாளரின் குற்றம் என்றுகூட நான் சொல்லமாட்டேன். ரயில் வந்த நாளைத் திருவிழா ஆக்கத் தெரிந்தவருக்கு ஒரு தம்பியை எழுதத் தெரியாமல் போகுமா? யாரும் கேட்கவில்லை, அதனால் எழுதவில்லை. கேட்பது உங்கள் வேலை.

ஆகவே மீண்டும் கேட்டுக்கொள்கிறேன். தயவுசெய்து இரண்டாம் பாகத்தை நிறுத்தி வையுங்கள், கைவிட வேண்டாம். ஒரு எடிட்டரை அமர்த்துங்கள். வரைபடம் பழைய அளவிலேயே இருக்கட்டும். ஜனவரியில் வராவிட்டால் அடுத்த ஜனவரியில் வாங்கிக்கொள்கிறோம், எங்களில் மூன்று பேர் கல்லூரிக்குப் போயிருப்பார்கள், ஆனாலும் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். இந்த முறை உங்கள் அரங்குக்கு வந்து வேறு ஏதாவது எடுத்துக்கொள்வோம்.

இத்துடன் ஒரு தாள் இணைத்திருக்கிறேன். பிள்ளைகள் எழுதிய கேள்விகள், எல்லாமே தம்பியைப் பற்றி. செத்துப்போனவனைப் பற்றி இனிமேல் கேட்டு என்ன ஆகப்போகிறது என்றேன். “அவன் அக்காவுக்கு ஞாபகம் இருக்கும்ல” என்றாள் அந்தப் பிளஸ் ஒன் பெண். எழுத்தாளரிடம் சேர்த்துவிடுங்கள். ராத்திரியில் அவன் யார் பக்கத்தில் படுப்பான்? காய்ச்சல் அன்றைக்கு அவனுக்காகத் தன் பங்குத் தண்ணீரை விட்டுக்கொடுத்தது யார்? அக்காவை அவன் என்ன சொல்லிக் கேலி செய்வான்? கடைசிக் கேள்வி, ‘எந்தத் தம்பி’ என்று கேட்டானே, அவன் எழுதியது: ‘அவனோட மிடறு இப்போ யாருக்குப் போகுது?’

இப்படிக்கு,
சனிக்கிழமை வாசிப்பு வட்டத்துக்காக,
உங்கள் வாசகி