பெட்டி மாறிப் போன பின்னேரம்

அன்பின் அக்காவுக்கு,

வாவித் திட்டில் இரண்டாம் ஆண்டு நாம் எடுத்த ஓணான் மரபணு மாதிரிகளை எந்த ஒப்பீட்டிலும் சேர்க்கக் கூடாது என்று உரியவர்களுக்கு நேற்று எழுதி அனுப்பிவிட்டேன். காரணத்தையும் மறைக்கவில்லை. பலர் படிக்கும் இடம் என்பதால் ஆய்வுகூடத்தின் பெயரையும் நமக்கு மேலிருந்தவர்களின் பெயர்களையும் இங்கே தவிர்க்கிறேன்.

எதை எழுதத் தொடங்கினாலும் வாடைக்காற்று எழும்பிய அந்தப் பின்னேரம்தான் முன்னே வந்து நிற்கிறது. முகத்துவாரப் பக்கம் இருண்டுகொண்டு வர, தோணிக்காரர் அவசரப்படுத்த, அளவெடுத்து முடிந்த திட்டு ஓணான்களை விடுவதற்காக றெஜிபோம் பெட்டியின் மூடியைத் திறந்தேன். முதலில் பாய்ந்த ஆண் கண்டல் வேரொன்றில் ஏறி, கழுத்துச் சிவக்கத் தலையை மேலும் கீழும் ஆட்டியபோதுதான் அதன் முதுகில் நீங்கள் வைத்த நீலக் கியூட்டெக்ஸ் புள்ளியைக் கண்டேன். நீலம் கல்லடிக் கரையில் பிடித்தவற்றுக்குரியது. "தம்பி, பெட்டி மாறிப் போச்சு" என்றீர்கள். ஆறில் இரண்டைத்தான் திரும்பப் பிடித்தோம். அன்றிரவு கொப்பியில் "அனைத்தும் பிடித்த இடத்திலேயே விடப்பட்டன" என்று எழுதியது என் கை. மன்னித்துக்கொள்ளுங்கள்.

இருட்டு, அவசரம், ஒரே அளவான இரண்டு பெட்டிகள் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். 1995இல் சூறாவளிக்குப் பின் வேரோடு சாய்ந்த மரங்களில் மிதந்து குறைந்தது 15 பச்சை இகுவானாப் பல்லிகள் கரீபியனின் அங்குவிலாத் தீவில் கரையேறினவே, கடலே ஏற்றிச் செல்லும்போது நான் நான்கை ஏற்றிச் சென்றது அவ்வளவு பெரிய குற்றமா என்றும் வாதாடினேன். அந்த வாதம் நிற்காது. நீர் சூழ்ந்த சிறு திட்டுக்கு முதலில் வந்து சேரும் சில விலங்குகள் தாய்க் குடித்தொகையின் எதிருருக்களில், அதாவது ஒரே மரபணுவின் வெவ்வேறு வடிவங்களில், ஒரு பங்கையே கொண்டுவருகின்றன. புதிய வரவு நின்றுபோனால் அந்தப் பங்கும் தலைமுறைக்குத் தலைமுறை தற்செயலாகவே உதிர்கிறது. 2004இன் பிரான்செஸ் சூறாவளி பஹாமாசில் பல்லிகளைத் துடைத்தெடுத்த ஏழு குட்டித் தீவுகளில் மறு ஆண்டு தீவுக்கு ஒரு சோடி அனோலிஸ் பல்லிகளை விட்டார்கள்; சில ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோதும் அந்தந்த முதற்சோடியின் முத்திரை வழித்தோன்றல்களில் அழியாமல் இருந்தது. தலைமுறைக்கு ஒரு வந்தேறி கலந்து இனம்பெருக்கினாலே இரு குடித்தொகைகள் பெரிதும் விலகிப்போவதில்லை என்பது பழைய கணக்கு. நானோ ஒரே பின்னேரத்தில் நான்கை விட்டேன்.

குளிரில் விறைத்த ஓணானை உள்ளங்கைக்குள் பொத்திச் சூடேற்றிய பிறகே கீழே விடுவீர்கள். அந்தப் பொறுமையை உங்களைப் பார்த்தே பழகினேன். ஆனால் இரண்டாம் ஆண்டு திட்டு ஓணான்களில் மரபணுப் பன்முகம் கூடியிருக்கக் கண்டதும், வெள்ளம் கொண்டுவந்து சேர்த்திருக்கும் என்று அறிக்கையில் எழுதியது நீங்கள். நீலப் புள்ளியை நீங்களும் பார்த்தீர்கள், அக்கா. பொய் என்னுடையது, அதற்கு விளக்கம் தேடிக் கொடுத்துவிட்டு விமானம் ஏறியது நீங்கள். அதற்கு மேல் இங்கே சொல்ல மாட்டேன். நான் அனுப்பிய மூன்று கடிதங்களுக்கும் பதில் வரவில்லை என்பதை மட்டும் சொல்லாமல் விட முடியவில்லை.

முதலாம் ஆண்டு வெட்டியெடுத்த வால்நுனிகள் மதுசாரத்தில் ஊறியபடி, உங்கள் கையெழுத்திட்ட சிட்டைகளோடு, இன்னும் என் குளிர்சாதனப் பெட்டியில் இருக்கின்றன. அந்தத் திட்டு நான் கை வைப்பதற்கு முன் எப்படி இருந்தது என்பதற்கு அவை மட்டுமே சாட்சி. எந்த இலக்கம் எந்த ஓணானுக்குரியது என்ற பட்டியல் உங்கள் கொப்பியில்தான் உள்ளது. அந்தப் பக்கங்களைப் படமெடுத்து அனுப்புங்கள். எனக்கென்று ஒரு வரியும் எழுத வேண்டியதில்லை.

தம்பி