காலி நாற்காலியின் கணக்கு: செனட் அலுவலகத்தில் பயிற்சிக்குச் சேரும் தம்பிக்கு

அன்புள்ள தம்பிக்கு,

வாஷிங்டனில் செனட்டர் ஒருவரின் அலுவலகத்தில், அதுவும் வங்கிக் கமிட்டி வேலைகளைக் கவனிக்கும் பிரிவில், உனக்குப் பயிற்சி கிடைத்திருப்பதில் மிகுந்த மகிழ்ச்சி. "அதிபரே ஆளைத் தேர்ந்தெடுத்து அறிவித்துவிட்டார், அப்புறமும் ஏன் ஒரு வருஷம், இரண்டு வருஷம் இழுக்கிறது?" என்று கேட்டிருந்தாய். நம் நாட்டில் ரிசர்வ் வங்கி ஆளுநரையும் செபி தலைவரையும் மத்திய அரசே நியமித்துவிடுகிறது. நாடாளுமன்றத்தில் ஓட்டெடுப்பு கிடையாது. அதைப் பார்த்துப் பழகியவர்களுக்கு இந்தக் கேள்வி வருவது இயல்பு. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க வேண்டும் என்பார்களே, அமெரிக்காவில் அந்த இடம் செனட்டுக்கு.

எந்த நியமனக் கோப்பு உன் மேசைக்கு வந்தாலும் முதலில் ஒன்றைக் கேள்: இந்த நாற்காலி காலியாக இருந்தால் அந்த அமைப்பால் எதைச் செய்ய முடியாமல் போகும்? சண்டையின் வேர் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.

ரிச்சர்ட் கார்ட்ரே விவகாரத்தை எடுத்துக்கொள். 2008 நிதி நெருக்கடிக்குப் பிறகு வந்த டாட்-ஃபிராங்க் சட்டம் 2010 ஜூலை 21 அன்று கையெழுத்தானது. அதன் பத்தாவது பகுதி நுகர்வோர் நிதிப் பாதுகாப்புப் பணியகத்தை உருவாக்கியது. வீட்டுக் கடன், கிரெடிட் கார்டு, சம்பள நாளில் திருப்பித் தரும் கைக்கடன் என்று சாதாரண ஜனங்கள் கையெழுத்துப் போடும் ஒப்பந்தங்களைக் கண்காணிப்பது அதன் வேலை. தலைமையில் ஒரே ஒரு இயக்குநர், பதவிக்காலம் 5 ஆண்டு. செலவுக்கான பணம் அமெரிக்காவின் மத்திய வங்கியான ஃபெடரல் ரிசர்விடமிருந்து வருவதால் ஆண்டுதோறும் காங்கிரஸிடம், அதாவது அந்நாட்டு நாடாளுமன்றத்திடம், போய் நிற்க வேண்டியதில்லை. இந்த யோசனையை முன்வைத்து, பணியகத்தைக் கட்டி எழுப்பியவர் எலிசபெத் வாரன். அவர் பெயருக்கு எதிர்ப்பு பலமாக இருந்தது. ஒபாமா 2011 ஜூலை 18 அன்று ஓஹையோவின் முன்னாள் அட்டர்னி ஜெனரலான கார்ட்ரேயை அறிவித்தார்.

அதற்கு இரண்டு மாதம் முன்பே, மே மாதத்தில், குடியரசுக் கட்சி செனட்டர்கள் 44 பேர் அதிபருக்குக் கடிதம் அனுப்பியிருந்தார்கள். ஒற்றை இயக்குநருக்குப் பதில் குழு வேண்டும், பணம் காங்கிரஸ் ஒதுக்கீட்டில் வர வேண்டும், வங்கிகளின் நிதி நலனைப் பார்க்கும் மற்ற கண்காணிப்பு அமைப்புகளுக்குப் பணியகத்தின் விதிகளில் கூடுதல் பிடி வேண்டும். இவை நடக்கும்வரை எந்தக் கட்சிக்காரரை அனுப்பினாலும் உறுதிசெய்யமாட்டோம் என்றது கடிதம். இன்னாரை என்ற பெயரே வராத நேரத்தில் எழுதியது அது. ஆகவே கார்ட்ரேயின் தகுதியைப் பற்றி எவ்வளவு புகழுரை வாசித்தாலும் ஒரு ஓட்டும் நகராது என்பது அன்றே தெரிந்துவிட்டது.

இத்தனை பிடிவாதம் ஏன்? சட்டத்தின் 1066-ஆம் பிரிவைப் படித்துப் பார். இயக்குநரைச் செனட் உறுதிசெய்யும்வரை பணியகத்தின் குறிப்பிட்ட அதிகாரங்களை நிதியமைச்சர் பயன்படுத்தலாம் என்கிறது. எவை, எவை இல்லை என்பதில்தான் முடிச்சு. 2011 ஜனவரியில் நிதித்துறை, ஃபெடரல் ரிசர்வ் இரண்டின் தலைமை ஆய்வாளர்களும் சேர்ந்து விளக்கம் கொடுத்தார்கள். பழைய அமைப்புகளிலிருந்து கைமாறிய அதிகாரங்கள் செல்லும். சட்டம் புதிதாகக் கொடுத்தவை, முக்கியமாக வங்கியல்லாத நிறுவனங்களை மேற்பார்வையிடும் அதிகாரம், இயக்குநர் வரும்வரை செல்லாது. 10 பில்லியன் டாலருக்கு மேல் சொத்துள்ள பெரிய வங்கிக்குள் ஆய்வாளர் நுழையலாம். தெருமுனையில் கைக்கடன் கொடுக்கும் கடைக்குள் நுழைய முடியாது. சட்டத்தை ரத்துசெய்ய ஓட்டு இல்லாதவர்களுக்கு, ஒரு நியமனத்தை நிறுத்திவைத்தாலே அந்தப் பகுதி தூங்கிவிடும் என்ற நிலை. மக்கள் பிரதிநிதிகள் நிறைவேற்றிய சட்டத்தை இப்படி முடக்குவது தவறு என்றே நான் நினைக்கிறேன், எந்தக் கட்சி செய்தாலும்.

2011 அக்டோபர் 6 அன்று கமிட்டி 12-10 என்று கார்ட்ரேயை அனுப்பிவைத்தது. டிசம்பர் 8 அன்று சபையில் கிடைத்தது 53-45. பெரும்பான்மைதான், ஆனால் விவாதத்தை முடித்துவைக்கும் தீர்மானத்துக்கு அன்று 60 ஓட்டு வேண்டும். இதைக் குறிப்பு எழுதும்போது கவனி: தோற்றது விவாதத்தை முடிக்கும் தீர்மானம். கார்ட்ரே வேண்டுமா வேண்டாமா என்ற ஓட்டு நடக்கவே இல்லை. "செனட் நிராகரித்தது" என்று எழுதினால் பிழை.

2012 ஜனவரி 4 அன்று ஒபாமா, செனட் விடுமுறையில் இருக்கிறது என்று சொல்லி, ஓட்டில்லாமலேயே அவரைப் பதவியில் அமர்த்தினார். அதே நாளில் தொழிலாளர் உறவு வாரியத்துக்கும் மூன்று பேரை இப்படியே போட்டார். செனட்டோ மூன்று நாளைக்கு ஒரு முறை பெயரளவில் கூடிக் கலைந்துகொண்டிருந்தது. அந்த வாரிய நியமனங்கள் செல்லாது என்று 2014 ஜூன் 26 அன்று உச்ச நீதிமன்றம் ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. பத்து நாளுக்குக் குறைவான இடைவெளி பொதுவாகப் போதாது என்றது. கார்ட்ரே தப்பித்ததற்குக் காரணம் இரண்டு. 2013 ஜூலை 16 அன்று செனட் 66-34 என்று முறையாக உறுதிசெய்திருந்தது. அடுத்த மாதமே அவர், இடைக்காலத்தில் தான் எடுத்த நடவடிக்கைகள் அனைத்தையும் இப்போது உறுதிப்படுத்துகிறேன் என்று அரசிதழில் சிறு அறிவிப்பு வெளியிட்டார். நியமனத்தில் ஓட்டை இருந்தால், அபராதம் கட்டிய ஒவ்வொரு நிறுவனமும் அந்த ஓட்டையைக் காட்டி வழக்குப் போடலாம். அதை அடைக்கும் வேலையைத்தான் அந்தச் சிறு அறிவிப்பு செய்தது.

அந்த 60 ஓட்டு விதி நியமனங்களுக்கு இப்போது இல்லை. 2013 நவம்பர் 21 அன்று 52-48 என்ற ஓட்டில் அதைச் சாதாரணப் பெரும்பான்மையாக மாற்றிவிட்டார்கள். தீர்மானத்தில் 16 செனட்டர்கள் கையெழுத்திட வேண்டும், இடையில் ஒரு வேலை நாள் கழிய வேண்டும், பிறகு ஓட்டு என்பது அப்படியே இருக்கிறது. அதற்குப் பிந்தைய விவாத நேரம் பெரும்பாலான பதவிகளுக்கு 30 மணி நேரத்திலிருந்து 2 மணி நேரமாக 2019 ஏப்ரலில் குறைந்தது. 2025 செப்டம்பர் 18 அன்று 48 பேரை ஒரே ஓட்டில் உறுதிசெய்ததும் நடந்திருக்கிறது.

அதனால் இன்று இழுபறி பெரும்பாலும் கமிட்டியில்தான். உன் கைக்கு வரும் காகிதங்கள்: சொத்து விவர அறிக்கை, அரசு நெறிமுறை அலுவலகத்துடன் செய்துகொள்ளும் உடன்பாடு, கமிட்டியின் கேள்வித்தாள். உடன்பாட்டில் எந்தப் பங்குகளை விற்க ஒப்புக்கொண்டிருக்கிறார், எந்த விவகாரங்களிலிருந்து ஒதுங்குகிறார் என்பதை, சொத்து அறிக்கையோடு வரி வரியாக ஒப்பிட்டுப் பார். விசாரணை முடிந்த பிறகு செனட்டர்கள் அனுப்பும் எழுத்துபூர்வக் கேள்விகளையும் லேசாக எடுத்துக்கொள்ளாதே. நேரில் ஐந்து நிமிடத்தில் நழுவிய பதிலை எழுத்தில் கேட்டு வாங்க அதுதான் வழி.

எண்ணிக்கை சமமாக இருக்கும் கமிட்டியில் எது கவிழ்க்கும் என்பதற்கு 2021, 2022 இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார். செனட் 50-50 ஆக இருந்ததால் வங்கிக் கமிட்டியில் 12-12. 2021 மார்ச்சில் நுகர்வோர் பணியகத்தின் இயக்குநர் பதவிக்கு வந்த ரோஹித் சோப்ராவுக்குக் கமிட்டியில் சமநிலை ஓட்டு விழுந்தது. அந்தக் காலத்து அதிகாரப் பகிர்வு ஒப்பந்தப்படி, சமநிலை வந்தால் நியமனத்தைச் சபைக்கு இழுத்துக்கொள்ளலாம். இழுத்தார்கள், செப்டம்பர் 30 அன்று 50-48 என்று உறுதியானார். ஃபெடரல் ரிசர்வின் கண்காணிப்புத் துணைத் தலைவர் பதவிக்கு சாரா ப்ளூம் ரஸ்கின் வந்தபோது குடியரசுக் கட்சியினர் எதிர்த்து ஓட்டுப் போடவில்லை. 2022 பிப்ரவரி 15 கூட்டத்துக்கே வரவில்லை. நியமனத்தை அனுப்ப உறுப்பினர்களில் பாதிக்கு மேல் நேரில் இருக்க வேண்டும்; 24 பேரில் 13. வந்தது 12. எதிர்த்து ஓட்டுப் போட்டிருந்தால் சமநிலை, வழி திறந்திருக்கும். வராமல் இருந்ததால் ஓட்டே இல்லை, சமநிலையும் இல்லை. மார்ச் 14 அன்று ஜனநாயகக் கட்சியின் ஜோ மான்சினும் ஆதரிக்க மறுத்தார். மறுநாள் ரஸ்கின் விலகினார். ஜூலையில் அதே பதவிக்கு மைக்கேல் பார் 66-28 என்று தேறினார்.

கடைசியாகத் தற்காலிகத் தலைவர்கள் விஷயம். 1998-ஆம் ஆண்டின் காலியிடச் சட்டப்படி தற்காலிகமாக உட்காருபவருக்கு 210 நாள். புதிய அதிபர் பதவியேற்கும் வேளையில் வந்த காலியிடம் என்றால் 300. ஆனால் செனட்டில் ஒரு பெயர் நிலுவையில் இருக்கும்வரை அந்தக் கெடு நீளும். அந்தப் பெயர் திரும்பி வந்தாலோ விலக்கிக்கொள்ளப்பட்டாலோ இன்னொரு 210 நாள் தொடங்கும். 2025 பிப்ரவரியில் சோப்ரா நீக்கப்பட்ட சில நாளில் அதிபரின் பட்ஜெட் அலுவலகத் தலைவர் ரஸ்ஸல் வோட் தற்காலிகமாகப் பொறுப்பேற்றார். நிரந்தர இயக்குநராக அனுப்பப்பட்ட ஜோனதன் மெக்கெர்னன் பெயர் கமிட்டியில் 13-11 என்று தேறியும் சபைக்கு வராமல் மே மாதத்தில் விலக்கப்பட்டது. நவம்பரில் அதே பட்ஜெட் அலுவலகத்தில் வேலை பார்க்கும் ஸ்டூவர்ட் லெவன்பாக் பெயர் அனுப்பப்பட்டது. ஆகவே ஒரு பெயர் வந்ததும், கமிட்டி விசாரணைக்குத் தேதி குறித்திருக்கிறதா என்று முதலில் பார். குறிக்கவில்லை என்றால், அந்தப் பெயரால் யாருடைய தற்காலிகப் பதவி எத்தனை நாள் நீள்கிறது என்று கணக்குப் போட்டு உன் மேலதிகாரியிடம் கொடு.

அன்புடன்,
அண்ணன்