மலைக் கோதுமையின் துருவையும் கணக்கில் எடுங்கள்

இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகத்தின் கோதுமை விஞ்ஞானிகளுக்கு,

வணக்கம். நீலகிரியில் சம்பா கோதுமை இன்றும் கொஞ்சம் விளைகிறது. கொஞ்சம்தான், ஆனால் கோதுமை இலையைத் தாக்கும் பூஞ்சை நோயான இலைத்துரு தங்க அதுவே போதும். சமவெளியின் கோடை வெயிலில் துருப் பூஞ்சை பிழைப்பதில்லை. மலைக் குளிரிலோ, அறுவடையில் சிந்திய மணி தானாக முளைத்த செடியிலும் பருவம் தவறி விதைத்த பயிரிலும் தங்கிவிடுகிறது. அப்புறம் காற்றோடு கிளம்பி மத்திய இந்திய வயல்கள் வரை போகிறது. ஆக்ரா கல்லூரியின் கே. சி. மேத்தா 1920கள் முதல் ஆராய்ந்து சொன்ன விஷயம் இது. தெற்கே நீலகிரியையும் பழனி மலையையும் அவர் குறிப்பிட்டார்.

எங்கள் நீலகிரியின் வெலிங்டனில் உள்ள ஆராய்ச்சி நிலையத்தில் கோதுமை ரகங்களின் துரு எதிர்ப்பைச் சோதிப்பது எங்களுக்குப் பெருமை. அந்த நிலையத்துக்கு வெளியே கோதுமை போடும் எங்களையும் கண்காணிப்பில் சேர்த்துக்கொள்ளுங்கள் என்பதே என் கோரிக்கை.

இலைத்துருவை அடையாளம் காண்பது கடினமில்லை. இலையின் மேல்புறம் ஆரஞ்சு கலந்த பழுப்பில் சின்னச் சின்னக் கொப்புளங்கள் சிதறிக் கிடக்கும். தேய்த்தால் விரலில் பொடி ஒட்டும். வரிவரியாக மஞ்சளாக இருந்தால் அது வேறு துரு. துரு பிடித்த இலையை நிழலில் உலர்த்தி, காகித உறையில் போட்டு, ஊர், தேதி, ரகம் எழுதி அனுப்ப எங்களால் முடியும். பாலித்தீன் பையில் போட்டால் வேர்த்துப் பூசணம் பிடிக்கும் என்பது போன்ற சின்ன விஷயங்களை ஒரு நாள் வந்து சொல்லிக்கொடுத்தால் போதும்.

சிம்லாவின் ஃபிளவர்டேல் நிலையத்தில் அந்தப் பொடியை வெவ்வேறு எதிர்ப்பு மரபணு கொண்ட நாற்றுகளில் தடவி, எது எந்தத் துரு இனம் என்று பிரிக்கிறீர்கள். இது தொடர்ந்து நடந்தாக வேண்டிய வேலை. கோதுமைக்கு உறவான ரை தானியத்திலிருந்து வந்த எல்ஆர்26 என்ற இலைத்துரு எதிர்ப்பு மரபணுவை உலகெங்கும் எத்தனையோ ரகங்களில் ஏற்றினார்கள். அதை மீறும் துரு இனங்கள் நம் நாட்டிலும் வந்துவிட்டன. எல்ஆர்34 என்ற இன்னொரு மரபணு நோயை முழுதாகத் தடுக்காது, வேகத்தைத்தான் குறைக்கும். ஆனாலும் பல பத்தாண்டுகளாகத் தாக்குப்பிடிக்கிறது. ஒற்றை மரபணுவை நம்பாமல் இந்த மாதிரி எதிர்ப்பைச் சேர்த்துக் கட்டிய ரகங்களை மலைக்கும் கொடுங்கள்.

இன்னொன்று. நாங்கள் அனுப்பும் இலையில் என்ன இனம் இருந்தது, எங்கள் ரகம் அதைத் தாங்குமா என்பதைத் தமிழில் ஒரு பக்கத்தில் எழுதி அனுப்புங்கள். அடுத்த விதைப்புக்கு முன்னால் அது கைக்கு வந்தால்தான் விதையை மாற்றுவதா வேண்டாமா என்று எங்களால் முடிவெடுக்க முடியும்.

இப்படிக்கு,
நீலகிரி கோதுமை விவசாயி ஒருவர்