மான்கொம்பு என்று விற்ற ரெசின் அளவை: பணத்தைத் திருப்பித் தரவும்

வாடிக்கையாளர் சேவை மேலாளர் அவர்களுக்கு,

வணக்கம். இதுவரை ஆங்கிலத்தில் அனுப்பிய மின்னஞ்சல்களுக்கெல்லாம் "உங்கள் கருத்து எங்களுக்கு முக்கியம்" என்ற ஒரே பதில்தான் வந்தது. பெட்டியின் அடியில் கோவை முகவரி இருந்ததால் தமிழில் எழுதுகிறேன். இதையாவது மனிதர் யாராவது படிப்பார்கள் என்று நம்புகிறேன்.

நான் வாங்கியது உங்கள் 70 கிரெய்ன் பவுடர் மெஷர், அதாவது பழைய பாணித் துப்பாக்கியில் ஒரு தடவைக்கான வெடிமருந்தை அளந்து ஊற்றும் அளவை (கிரெய்ன் என்பது மருந்தை அளக்கும் சிறிய அலகு). "1770களின் பென்சில்வேனியா வேட்டைக்காரர் பாணி, இயற்கை மான்கொம்பு" என்று போட்டிருந்தீர்கள். விலை 48 டாலர், தபால் செலவு தனி. வந்திருப்பது ரெசின் வார்ப்பு. அச்சில் ஊற்றியவர்கள் நீங்கள், உங்களுக்குத் தெரியாததில்லை. ஆனால் உங்கள் ஆள் "அது ஒரிஜினல்தான் சார்" என்று சாதித்ததால் சொல்கிறேன். நுனியிலிருந்து வாய்வரை நகத்தில் தட்டுப்படுகிறது அச்சுக்கோடு. எந்த மானுக்கும் கொம்பு இரண்டு பாதியாக முளைத்து ஒட்டிக்கொள்வதில்லை. ஊசியைக் காய்ச்சி வைத்தேன். எலும்பு கருகும் வாடை வரவில்லை, பிளாஸ்டிக் நாற்றம்தான். நிஜக் கொம்பைக் குடைந்தால் நடுவில் துளைத்துளையான எலும்பு தெரியும். உங்களுடையதில் அந்த இடத்தில் அலுமினியக் குழாய் இருக்கிறது! அலுமினியத்தை உலோகமாகப் பிரித்ததே 1825ல். 1886ல் கண்டுபிடித்த முறையில்தான் அது மலிந்தது. லாங்கஸ்டர் காட்டில் மான் சுட்டுக்கொண்டிருந்தவன் பைக்குள் அது எப்படிப் போனது?

மேலே "70" என்று முத்திரை வேறு. அந்தக் காலத்தில் ஒருவன் தன் துப்பாக்கிக்கென்று ஓர் அளவை செய்வான். முதலில் கொஞ்சமாகக் குடைவான், சுட்டுப் பார்ப்பான், இன்னும் கொஞ்சம் சுரண்டுவான், குறி சரியாக விழுந்ததும் நிறுத்திவிடுவான். எண் எதற்கு? சரி, எண் போட்டீர்கள், அதாவது சரியாக இருக்கிறதா? நண்பருடைய பித்தளை அளவையில் கொட்டிப் பார்த்தால் எண்பதைத் தாண்டுகிறது. ஐம்பது காலிபர் சக்கிமுக்கித் துப்பாக்கியில் நான் போடுவது எழுபதுதான். குண்டு குறிக்கு மேலே மேலே போனதற்கு என் கண்ணைக் குறை சொல்லிக்கொண்டிருந்தேன்.

இதையெல்லாம் பொறுமையாகத்தான் தொலைபேசியில் சொன்னேன். அதற்கு அந்தத் தம்பி என்ன சொன்னார் தெரியுமா? "அளவு சரியில்லைன்னா கொம்புலருந்தே நேரா குழல்ல ஊத்திக்கோங்க சார்."

வெடிமருந்தை நிறைத்து வைத்திருக்கும் மருந்துக் கொம்பிலிருந்து நேராகவா? போன வெடியின் கங்கு ஒன்று குழலுக்குள் கிடந்தால் கையிலிருக்கும் கொம்பு முழுக்க வெடிக்கும். ஒரு தடவைக்கான மருந்தை மட்டும் தனியாக அளந்து ஊற்றுவதே அதற்காகத்தான். இந்தச் சாமானை விற்கும் கம்பெனியின் ஆள் பேசுகிற பேச்சா இது? நான் பதில் சொல்வதற்குள் "வேற ஏதாவது உதவி வேணுமா" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டார்.

ஹாரிஸ்பர்க் கிடங்கில் நேரில் கொடுத்தால் மாற்றித் தருவார்கள் என்று சொன்னதும் உங்கள் ஆட்கள்தான். பனி கொட்டும் சனிக்கிழமை வண்டி ஓட்டிப் போனேன். ஜன்னலைப் பாதி திறந்த பெண் "ரிட்டர்ன் தபாலில் மட்டும்" என்றார். தபாலில் அனுப்பலாம் என்றால், பெட்டி பிரித்ததைத் திரும்ப எடுக்க மாட்டோம் என்று மின்னஞ்சல் வருகிறது. பிரிக்காமல் அது ரெசின் என்று எப்படித் தெரியும், சொல்லுங்கள்.

பழைய பாணித் துப்பாக்கி சுடும் எங்கள் கிளப்பில் 1800க்கு முந்தைய பாணிப் பொருள்தான் பைக்குள் இருக்கலாம். எல்லோர் முன்னாலும் என் பையைக் கவிழ்த்துக் காட்டியபோது அந்த அலுமினியம் பளபளத்தது. அன்று போட்டியில் நிற்கவிடவில்லை. இந்தச் சீசனே எனக்குப் போயிற்று. துப்பாக்கிக்கும் தோல்பைக்கும் கொட்டிய ஆயிரக்கணக்கான டாலரும் வீண் என்றுதான் சொல்வேன்.

இந்தியாவில் 1972 வனவுயிர் பாதுகாப்புச் சட்டப்படி மான்கொம்பு வியாபாரம் எவ்வளவு சிக்கல் என்பது எனக்கும் தெரியும். அதனால் ரெசினில் வார்த்ததில் குற்றமில்லை. ரெசின் என்று சொல்லி விற்றிருக்க வேண்டும். இல்லையென்றால் மாட்டுக்கொம்பில் செய்யுங்களேன். அந்தக் காலத்தில் மாட்டுக்கொம்பு, எலும்பு, மரம், பித்தளை, தகரம் எல்லாவற்றிலும் அளவை செய்தார்கள். கோவையில் லேத்துக்கா பஞ்சம்? நல்லதாகச் செய்தால் நானே இன்னொன்று வாங்குவேன். அது பிற்பாடு.

இப்போது 48 டாலரும் இரு வழித் தபால் செலவும் என் கார்டுக்கு வர வேண்டும். பட்டியலில் "இயற்கை மான்கொம்பு" என்ற வரியை எடுங்கள். "70" முத்திரையோடு வாங்கிய மற்றவர்களுக்கும் சொல்லியாக வேண்டும். அது அதிக மருந்து, விளையாட்டில்லை. அப்புறம் அந்தத் தம்பி எழுத்தில் மன்னிப்புக் கேட்க வேண்டும். தயவுசெய்து இந்த மாத முடிவுக்குள் செய்து தாருங்கள். இல்லாவிட்டால் வங்கியிடம் பணத்தைத் திரும்பக் கேட்பேன். பென்சில்வேனியா அட்டர்னி ஜெனரல் அலுவலகத்தின் நுகர்வோர் பிரிவுக்கும், கோவை நுகர்வோர் ஆணையத்துக்கும் அச்சுக்கோடு தெரியும் படங்களோடு மனு போகும். மனுக்கள் இரண்டும் தயாராக இருக்கின்றன.

ஆர்டர் விவரமும் படங்களும் இணைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்
லாங்கஸ்டர், பென்சில்வேனியா