எந்த இடம் என்று கேட்டாயே

அன்புள்ள அம்முவுக்கு,

போன ஞாயிறு அழைத்தேன், நீ எடுக்கவில்லை. அதற்கு முந்தைய ஞாயிறும் அப்படித்தான். வேலை இருந்திருக்கும். "அப்புறம் பேசறேன்" என்று நீ அனுப்பியதைப் பார்த்தேன். சரி. அதைப் பற்றிக் கேட்க இதை எழுதவில்லை. எங்கள் வாசகர் வட்டத்தைப் பற்றிச் சொல்லத்தான் எழுத உட்கார்ந்தேன்.

அதற்கு முன்னால் ஒன்று. நீ புதிதாக வாங்கியிருக்கும் அந்த ஸ்லோ குக்கரில் ராஜ்மாவை நேராகப் போட்டு வேகவைக்காதே. போன மாதக் கூட்டத்தில் ஒருவர் அப்படிச் செய்து கொண்டுவந்தார். பார்க்க நன்றாக வெந்தது மாதிரிதான் இருந்தது. வீட்டுக்கு வந்து இரண்டு மணி நேரம்கூட ஆகியிருக்காது, உன் அப்பா குளியலறைக்கும் கட்டிலுக்குமாக நடக்க ஆரம்பித்துவிட்டார். அவரோடு சேர்த்து நான்கு பேருக்கு வாந்தி. கெட்டுப்போன சாப்பாடு இல்லை அம்மு, சரியாகக் கொதிக்காத சாப்பாடு. பச்சை ராஜ்மாவிலேயே ஒரு நஞ்சு இருக்கிறதாம். நாலைந்து பயறு போதுமாம், வயிற்றைப் புரட்ட. நன்றாகக் கொதித்தால்தான் அது போகும். அந்தக் குக்கரின் மிதமான சூட்டில் போகாது, சில சமயம் பச்சையாக இருந்ததைவிட அதிகமாகிவிடும் என்றுகூடச் சொல்கிறார்கள். குறைந்தது ஐந்து மணி நேரம் ஊறவை. அந்தத் தண்ணீரைக் கொட்டிவிடு. புதுத் தண்ணீரில் தளதளவென்று கொதிக்கவிடு. பத்து நிமிடம் போதும் என்பவர்கள் உண்டு, அரை மணி நேரம் என்பவர்களும் உண்டு. நீ அரை மணி நேரமே வை. அதற்குப் பிறகு எந்தப் பாத்திரத்தில் வேண்டுமானாலும் போடு. டின்னில் வருவது ஏற்கெனவே வெந்தது, பயமில்லை.

நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா?

வட்டத்துக்கு வருகிறேன். ஒன்பது பேர். எதிர்வீட்டு அக்காதான் என்னை இழுத்துக்கொண்டு போனாள். "நான் எங்கே படிக்கிறேன்" என்றேன். "படிக்காவிட்டாலும் வரலாம், படிக்கவில்லை என்று சொல்லிவிட வேண்டும், அவ்வளவுதான் சட்டம்" என்றாள். மாதம் ஒரு புத்தகம். மூன்று பிரதிகள் வீடு வீடாகச் சுற்றும். உள்ளே ஒரு சீட்டில் யாரிடம் எந்தத் தேதிவரை என்று எழுதியிருக்கும். கூட்டம் முடிந்ததும் சாப்பாடு, ஆளுக்கு ஒன்று சமைத்து எடுத்து வரவேண்டும். ஆரம்பத்தில் சாப்பாட்டை முதலில் வைத்திருந்தார்களாம். தட்டைக் கையில் எடுத்த பிறகு ஒருவரும் புத்தகத்தைப் பேசவில்லையாம், அதனால் மாற்றினார்கள். உன் அப்பா புத்தகம் தொடுவதில்லை, ஆனால் பேச்சு முடியப்போகும் நேரம் அவருக்கு எப்படியோ தெரிந்துவிடுகிறது.

அந்த ராஜ்மாவுக்குப் பிறகு ஒவ்வொரு பாத்திரத்தின் பக்கத்திலும் ஒரு சீட்டு வைக்கிறோம். என்ன போட்டது, எப்படி வேகவைத்தது என்று ஒன்று விடாமல் எழுத வேண்டும். ஒருவருக்கு நிலக்கடலை ஆகாது, இன்னொருவருக்கு எள். முதலிலேயே செய்திருக்க வேண்டிய காரியம். அந்தச் சீட்டுகளே இப்போது சமையல் குறிப்பாகி, எல்லோரும் படம் எடுத்துக்கொண்டு போகிறார்கள். சூடான பண்டம் ஆறிப்போய் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியே இருந்தால் எடுத்து வைக்கக்கூடாது என்று ஒரு விதி. சோற்றுக்கும் அதே விதிதான். வேகும்போது சாகாத கிருமி விதைகள் சோற்றில் இருக்குமாம், வெளியே கிடந்தால் பெருகுமாம், மறுபடி சூடு பண்ணினாலும் அவை விட்ட நஞ்சு போகாதாம். நீ இரவில் சமைத்துப் பாத்திரத்தோடு அடுப்பிலேயே விட்டுவிட்டுத் தூங்குவாய். எனக்குத் தெரியும், என் பெண்தானே. அகலமான தட்டில் பரப்பி ஆறவைத்து உடனே குளிர்சாதனப் பெட்டியில் வை.

என்னைக் குறிப்பு எழுதச் சொன்னபோது "எல்லாம் கண்ணளவுதான்" என்றேன். பெருமையாகத்தான் சொன்னேன். எதிர்வீட்டு அக்கா, "கண்ணை எங்களுக்குக் கழற்றித் தர முடியுமா?" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள், நானும்தான். வீட்டுக்கு வரும் வழியில், நீ விடுதியிலிருந்து பருப்பு எப்படி வைப்பது என்று கேட்டது நினைவு வந்தது. அன்றைக்கும் "ஒரு டம்ளர் பருப்பு, தண்ணீர் கண்ணளவு" என்றுதான் சொன்னேன். உன் அறையில் அந்த டம்ளர் ஏது? நீ இரண்டாவது தடவை கேட்கவில்லை.

வட்டத்தில் ஒரு பெரியவர் இருக்கிறார். நூலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பேச்சை நடத்துவது அவர்தான். "பிடித்ததா?" என்று அவர் கேட்கவே மாட்டார். "எந்த இடத்தில் நின்றீர்கள்?" என்றுதான் கேட்பார். ஒருவர் பக்கம் சொல்வார், அந்தப் பத்தியைச் சத்தமாக வாசிக்கச் சொல்வார், அப்புறம் பேச்சு தானாக நடக்கும். கண் மங்கிய ஒரு அம்மாள் ஒலிப்புத்தகமாகக் கேட்டுவிட்டு வருவார். அதெல்லாம் படித்த கணக்கில் சேருமா என்று ஒரு நாள் பெரிய வாக்குவாதம். எங்கள் எல்லோரையும்விட அந்த அம்மாளுக்குத்தான் அதிகம் நினைவிருந்தது, வாக்குவாதம் அதோடு முடிந்தது.

முதல் மாதம் நான் பாதிகூடப் படிக்கவில்லை. ஆனால் ஒன்பது பேர் நடுவில் அதைச் சொல்ல வாய் வரவில்லை. என் முறை வந்ததும், "எல்லாமே நன்றாக இருந்தது" என்றேன். பெரியவர் தலையை ஆட்டிவிட்டு அடுத்தவரிடம் போய்விட்டார். சாப்பிடும்போது அக்கா காதோடு சொன்னாள்: "எல்லாம் நன்றாக இருந்தது என்றால் புத்தகத்தைத் திறக்கவில்லை என்று அர்த்தம், இங்கே எல்லோருக்கும் தெரியும்."

கையில் இருந்த கவளம் அப்படியே நின்றது அம்மு.

உன் புத்தகம் வந்தபோது நீ என்னிடம் போனில் கேட்டாய், "எந்த இடம் பிடித்ததும்மா?" என்று. "எல்லாமே நன்றாக இருந்தது கண்ணு" என்றேன். நீ கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம் "சரிம்மா" என்றாய். லைன் சரியில்லை என்று நினைத்துக்கொண்டேன். அதிலிருந்துதான் ஞாயிற்றுக்கிழமைகள் குறைந்தன என்பதை நான் கணக்குப் போட்டுப் பார்க்கவே இல்லை, போன மாதம் வரை.

நான் படிக்கவில்லை. உன் புத்தகத்தை நான் படிக்கவில்லை.

வருகிறவர்களுக்கெல்லாம் காட்டினேன். கண்ணாடி அலமாரியில் நீ வாங்கிய கோப்பைக்குப் பக்கத்தில் நிற்க வைத்தேன், தூசி படக்கூடாதென்று உறை போட்டேன். பெரியப்பா வீட்டுக்குப் பையில் எடுத்துக்கொண்டே போனேன். கண் சரியில்லை, நேரமில்லை, எழுத்து சின்னது என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். எழுத்து ஒன்றும் சின்னதில்லை. உள்ளே நான் இருப்பேனோ என்று பயம். அந்த வருஷத்தை நீ எழுதியிருப்பாயோ என்று பயம். அதை உன் அப்பாவிடம்கூடச் சொல்லவில்லை.

இந்த மாதம் கூட்டம் நம் வீட்டில். பெரியவர் அலமாரியைத் திறந்து உன் புத்தகத்தை எடுத்தார். உறையைக் கழற்றி விரித்தார். தொடாத புத்தகம் திறக்கும்போது முதுகில் ஒரு சத்தம் வருமே, அது வந்தது. அறையில் எல்லோருக்கும் கேட்டிருக்கும். அவர் என்னைப் பார்க்கவில்லை, நல்ல மனிதர். எஸ்.ஆர். ரங்கநாதன் 1931-இல் நூலகங்களுக்கு ஐந்து விதிகள் வகுத்தார், அதில் மூன்றாவது விதி ஒவ்வொரு புத்தகத்துக்கும் ஒரு வாசகர் உண்டு என்பது, என்று பொதுவாகச் சொன்னார். யாருக்குச் சொன்னார் என்று எனக்குத் தெரியாதா? அப்புறம், "அடுத்த மாதம் இதையே வைத்துக்கொள்வோமா?" என்றார். நான் சரி என்றேன். உன்னைக் கேட்கவில்லை. கோபம் வந்தால் எழுது, நிறுத்தச் சொல்கிறேன். ஆனால் இரண்டு பேர் ஏற்கெனவே வாங்கிவிட்டார்கள்.

ஒரு நாளைக்கு ஐந்து பக்கம் என்று படிக்கிறேன். மதியம் உன் அப்பா தூங்கும்போது. உன் கதையில் வரும் அம்மா போனில் ஒரே ஒரு கேள்விதான் கேட்கிறாள், எப்போது பார்த்தாலும் சாப்பிட்டாயா என்று. வேறு எதுவும் கேட்கத் தெரியாதவள். முதலில் கோபம் வந்தது, புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். கேட்காமல் என்ன செய்வாள் அவள்? அந்தப் பெண் என்ன வேலை செய்கிறாள் என்பது புரியாது, யாரோடு பேசுகிறாள், எதற்கு அழுகிறாள் என்று கேட்டால் சொல்லமாட்டாள். வயிறு ஒன்றுதான் அவளுக்குத் தெரிந்த இடம். மறுநாள் மறுபடி எடுத்தேன். இந்தக் கடிதத்தையும் மேலே போய்ப் படித்துப் பார்த்தேன். ஒரு பக்கம் முழுக்க ராஜ்மா. அடித்துவிடலாமா என்று பார்த்தேன், அடிக்கவில்லை. அது நிஜமாகவே ஆபத்து, அதனால் இருக்கட்டும்.

அதில் அந்தப் பெண் ரயிலில் உட்கார்ந்து, அம்மாவின் பக்கம் திரும்பாமலே போகிறாளே. நீ கிளம்பிய அன்று நானும் ரயில் மறையும்வரை நின்றேன். இவ்வளவு வளர்த்தும் ஒரு தடவை திரும்பிப் பார்க்கவில்லையே என்று இத்தனை வருஷம் மனதில் வைத்திருந்தேன், பெரியம்மாவிடம் சொல்லியும் இருக்கிறேன். திரும்பினால் இறங்கிவிடுவோம் என்று அவள் சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டிருந்தாள் என்று எழுதியிருக்கிறாய்.

43-ஆம் பக்கம், மேலிருந்து மூன்றாவது பத்தி. அங்கேதான் நின்றேன்.

அன்புடன்,
அம்மா

பி.கு.: டம்ளரை அளந்து பார்த்தேன். 180 மில்லி. ஒரு டம்ளர் பருப்புக்கு மூன்று டம்ளர் தண்ணீர், உப்பு கடைசியில்.