ஓடும்போதே பிடித்துக் கொடுத்தவர்களுக்கு

மூன்று வருடமாக என் நெஞ்சுக்குள் படபடப்பு என்று ஒரு கள்ளன் இருந்தான். திடீரென்று ஓடத் தொடங்குவான், பத்து நிமிடத்தில் சட்டென்று நின்றுவிடுவான். ஈசிஜி எடுக்கப் போனால் ஆளே இல்லை. காஸ் என்றார்கள், யோசனை கூடிப்போச்சு என்றார்கள். நானும் நம்பி இஞ்சிப் பிளேன்டீ குடித்துக்கொண்டிருந்தேன்.

போன மாதம் இடியப்பம் பிழிந்துகொண்டிருக்கும்போது தொடங்கியது நிற்கவில்லை. தலைசுற்று, மூச்சு வாங்கல். வெள்ளவத்தையில் எங்கள் வீட்டுக்குக் கீழே பாமசி வைத்திருக்கும் அக்கா ஓடிவந்து நாடி பிடித்தார். “எண்ணேலாமல் கிடக்கு. இது காஸ் இல்லைப் பிள்ளை. இந்த ஓட்டம் நிற்க முதல் ஈசிஜி எடுக்கவேணும்.” 1990 அம்புலன்ஸ் சேவைக்கு அடித்து, கொட்டுகிற மழையில் குடை பிடித்து என்னை அம்புலன்சில் ஏற்றியதும் அவர்தான். அக்கா, அந்த “நிற்க முதல்” என்ற ஒரு சொல்லுக்கே நான் கடமைப்பட்டிருக்கிறேன்.

காலி வீதி நெரிசலில் கொச்சைத் தமிழில் “அம்மா, பயம் வேணாம்” என்று சொல்லிக்கொண்டே வந்த சிங்களத் தம்பிக்கும் நன்றி.

ஈசிஜியில் துடிப்பு நிமிடத்துக்கு 186. இளம் வைத்தியர் ஒருவர் வெறும் சிரிஞ்சைத் தந்து, 15 செக்கன் விடாமல் ஊதச் சொன்னார். ஊதி முடித்ததும் என்னைப் படுக்கவைத்துக் காலிரண்டையும் தூக்கிப் பிடித்தார். முதல் தடவை ஒன்றுமில்லை. இரண்டாம் தடவை, டக்கென்று அமைதி. ஊசியே தேவைப்படவில்லை!

அப்புறம் தைரொயிட், பொட்டாசியம் பார்க்க இரத்தம், இதயத்துக்கு எக்கோ ஸ்கேன், துடிப்பை 24 மணிநேரமும் பதிவுசெய்ய உடம்போடு கட்டிவிடும் ஹோல்டர் கருவி. படபடத்தால் நேரத்தோடு எழுது என்றார்கள். “காலை 7.40, மகனோடு சண்டை” என்று எழுதியதை வாசித்துத் தாதி சிரித்த சிரிப்பு! இந்தச் சோதனைகள் எல்லாம் சரியாகத்தான் இருந்தன. ஓடும்போது எடுத்த ஈசிஜிதான் கள்ளனைக் காட்டிக்கொடுத்தது. இதயத்துக்குள் மின்சாரம் போக மேலதிகமாக ஒரு பாதை இருக்கிறதாம், அதில் அது சுற்றிச் சுற்றி ஓடுகிறதாம். பிறவியிலேயே வந்தது, என் யோசனையால் வந்ததில்லை. அதைக் கேட்டு அழுதுவிட்டேன்.

ஈசிஜி எடுத்த தங்கச்சிக்குத் தனி நன்றி. “இந்தத் தாள் வெளிறிப்போகும், கொப்பி எடுத்து வையுங்கோ” என்றாரே, அடையாள அட்டையோடு அதையும் கைப்பையில் வைத்திருக்கிறேன்.

பாமசி அக்கா, உங்கள் குடை இன்னும் என்னிடம்தான். ஞாயிற்றுக்கிழமை கொண்டுவருகிறேன்.